மூட்டு நோவுக்கு வன்னி வெயில் மருந்தாகுமா?

கேள்வி: வயது 66. லண்டனில் 34 வருடம் இருந்துவிட்டேன். முழங்கால் தேய்வு, குளிர் காலத்தில் நோவு தாங்கேலாது. வன்னியில் கிளிநொச்சிப் பக்கம் உள்ள அப்பாவின் காணியில் வீடு கட்டி இருக்க விருப்பம். அந்தக் காய்ந்த வெயில் எனக்கு நல்லதுதானே? பிரஷருக்கு லோசார்ட்டனும் சலம் போக்கும் குளிசையும், நோவுக்கு ஐபுரூஃபனும் எடுக்கிறேன்.

பதில்: ஐயா, வெயிலைவிட உங்கள் குளிசைப் பெட்டிதான் என்னை யோசிக்க வைக்கிறது.

சூட்டில் விறைப்புக் குறையும், காலையில் எழும்புவது லேசாகலாம். தேய்ந்த குருத்தெலும்பு அதனால் திரும்ப வளராது. இலங்கையின் இந்தப் பக்கத்துக்கு உள்ள உலர் வலயம் என்ற பெயரையும் முழுதாக நம்பவேண்டாம். லண்டனில் வருடத்துக்கு ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் மழை. கிளிநொச்சியில் 1,200க்கும் மேல். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டிவிடும். அந்த ஈரத்தில் இங்குள்ள வயதானவர்களும் முழங்காலைப் பிடித்தபடிதான் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

எனக்குப் பயம் சித்திரை, வைகாசி வெயிலில்தான். பிறகு ஆனி, ஆடியில் சோளகம் என்ற தென்மேல் காற்று உடம்பின் ஈரத்தை உறிஞ்சும். வயது போனால் தாகம் பிந்தித்தான் தெரியும். சலம் போக்கும் குளிசை உடம்பில் நீரைக் குறைக்கிறது. லோசார்ட்டன் சிறுநீரக வடிகட்டியின் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. ஐபுரூஃபன் அங்கே இரத்தம் கொண்டுவரும் குழாயைச் சுருக்குகிறது. லண்டனிலேயே கவனமாக இருக்கவேண்டிய சேர்க்கை இது. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் சட்டென்று செயலிழக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இப்படித்தான் என்னிடம் வந்தார். இரண்டு நாள் வயிற்றோட்டம். குளிசையை மட்டும் ஒரு வேளையும் தவறவிடவில்லை. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது. முதல்நாள் காலையிலிருந்து சலம் போகவில்லை. சேலைன் ஏற்றி மீட்டெடுக்க ஒரு கிழமை சென்றது.

ஆகவே புறப்படமுதல் உங்கள் டொக்டரிடம் ஐபுரூஃபனை நிறுத்துவது பற்றிக் கதையுங்கள். பரசிற்றமோலும், பூசுகிற நோவு மருந்தும், தொடைத்தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் பலருக்கு உதவலாம். பிரஷர் குளிசைகளை நீங்களாக விடவேண்டாம். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் எவற்றை எத்தனை நாள் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். இரத்தத்தில் கிரியாற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் இரண்டையும் வெளிக்கிடமுதல் ஒருக்காலும், வந்து சில கிழமையில் இன்னொருக்காலும் பாருங்கள்.

அடுத்தது கிணறு. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீர் இங்கே சாதாரணம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு உப்பு போகாது. வவுனியாப் பக்கம் விவசாயிகளிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் இருக்கிறது. அத்திவாரம் வெட்டமுதல் கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். காணியிலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கு இரவில் வாகனம் கிடைக்குமா என்றும் அயலவரிடம் கேளுங்கள்.

லண்டன் வீட்டை இப்போது விற்கவேண்டாம். ஒரு சித்திரையும் ஒரு மார்கழியும் இங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். வரும்போது குளிசை உறைகளையும் பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.