பிளேட்லெட் பைகளில் சுழல்மினுக்கம் இல்லாமற் போவது பற்றி

வணக்கம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகள்) பைகளில் சுழல்மினுக்கம், அதாவது நல்ல பிளேட்லெட்டுகள் வெளிச்சத்தில் காட்டும் புகை போன்ற அலை, தெரியவில்லை, கழித்துவிட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் குளிரைச் சந்தேகியுங்கள். பிளேட்லெட்டுக்கு 20–24 பாகை செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழே போனால் தட்டு வடிவம் குலைந்து உருண்டுவிடும். பையை வெளிச்சத்துக்கு நேரே மெல்லத் திருப்பினாலும் அந்தப் புகை போன்ற அலை வராது.

செங்குழியப் பைகளோடு ஒரே ஐஸ் பெட்டியில் வருகிறதா? அப்படியென்றால் இன்றே தனிப்பெட்டி கேளுங்கள். ஜெல் பைகள் ஃபிரிட்ஜில் வைத்தவையாக இருக்கக் கூடாது, 22 பாகையில் ஒரு நாள் கிடந்தவை வேண்டும். பைகளோடு ஒரு வெப்பப்பதிவுக் கருவியையும் வையுங்கள்.

வந்ததும் மேசையில் விடாதீர்கள், இரவில் உங்கள் ஊர் அறை 20 பாகைக்கு நன்றாகக் கீழே இறங்கும். பைகளை ஓயாமல் மெல்ல ஆட்டும் கருவி, வெப்பத்தைச் சீராக வைக்கும் மூடிய இன்கியூபேட்டருக்குள் இருக்க வேண்டும். வெப்பம் சரியாக இருந்தும் மினுக்கம் இல்லையா? ஆட்டாமல் கிடந்த நேரத்தைக் கணக்கிடுங்கள். 24 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது.