ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஸ்பீக்கரும் கத்துகிறதா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். பழைய ஸ்விஃப்ட் காரில் ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) சப்வூஃபரும் போட்டேன். இன்ஜின் ஓடினால் ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்று சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. கடையில் நாய்ஸ் ஃபில்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம், இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆனால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் மேல் தப்பு இருக்காது. டிக்கியில் இருக்கும் ஆம்ப்புக்கு ஒரு எர்த் (கார் தகட்டோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு), முன்னால் ஸ்டீரியோவுக்கு வேறொரு எர்த். இரண்டுக்கும் நடுவே துளி வோல்ட் வித்தியாசம் இருந்தாலும், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்று வழியாக மின்சாரம் ஓடி, பாட்டோடு கலந்துவிடும்.

முதலில் ஆம்ப்பை ஆஃப் செய்து ஆர்சிஏ வயர்களைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து இன்ஜினை ஓட விடுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்ப்பின் பவர் அல்லது எர்த் பக்கம். நின்றுவிட்டால், சார்ஜரில் போடாத செல்போனை ஒரு கேபிள் மூலம் நேராக ஆம்ப்பில் செருகிப் பாருங்கள். பாட்டு சுத்தமாக வந்தால் ஸ்டீரியோவையோ ஆர்சிஏ வயரையோ சந்தேகப்படலாம். அப்போதும் கத்தினால் ஆம்ப் பக்கம்தான்.

அடுத்து மல்டிமீட்டர். இன்ஜின் ஓட, பாட்டு சத்தமாகப் போக, ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும்; அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை.

உங்கள் ஊரில் நான் முதலில் பார்ப்பது எர்த் ஸ்குரூவைத்தான். கடல் உப்புக் காற்று ஒரு பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கி மாதக்கணக்கில் காயாத ஈரம் இன்னொரு பக்கம். மேலே ஸ்குரூ பளபளவென்று இருக்கும், கழற்றினால் லக்குக்கு (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அடியில் செந்துரு. சிலர் பெயின்ட் மேலேயே முடுக்கிவிட்டுப் போவதும் உண்டு. உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியத் தேயுங்கள். லக்கை வயரோடு நன்றாக அழுத்திக் கிரிம்ப் செய்து, போல்ட் நட்டோடு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். எர்த் வயர் பவர் வயரின் கனத்திலேயே, ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்காதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட். புதுத் துளை போடுவதானால் காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். பெட்ரோல் டேங்கும் பைப்பும் அங்கேதான் போகின்றன.

பவர் வயரும் ஆர்சிஏ வயரும் ஒரே பக்கம் ஒட்டிப் போனால் ஒன்றை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். அப்புறம் ஆம்ப்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) குறையுங்கள். அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பினால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

இத்தனைக்கும் பிறகு சத்தம் நிற்கவில்லையா? ஹெட்லைட்டும் மினுக்குகிறதா? அப்போது ஆல்டர்னேட்டர் டயோடை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். டயோடும் நன்றாக இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆர்சிஏ வயர் வழியாக ஓடும் மின்சாரத்தைத் தடுக்க, அந்த வயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போட்டுக்கொள்ளலாம். மலிவானது பேஸைக் கொஞ்சம் தின்றுவிடும்.