ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறந்ததிலிருந்தே இப்படிச் சோர்வோடு வாழ்பவர்கள் யாராவது உண்டா?

உண்டு. நானே இருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு 29 வயது. சின்னப் பிள்ளையிலிருந்தே ஓட முடியாது, இரண்டு மாடி ஏறினால் தொடை கல்லாகிவிடுகிறது. ரத்தம், தைராய்டு, எக்கோ எல்லாம் பார்த்தாகிவிட்டது. “ஒன்றும் இல்லை, எக்சர்சைஸ் பண்ணுங்க” என்று அனுப்பியிருக்கிறார்கள். ஜிம்மில் சேர்ந்தவர் மூன்றாம் நாளே படுத்துவிட்டார். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள், அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

எனக்கு இப்போது 41. 36 வயதுவரை என் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அப்போதுதான் இது தசையில் இருக்கும் ஒரு பிறவி நோய் என்று தெரிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருவண்ணாமலை பக்கம். எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு அடிபம்பு. அண்ணன் ஒரே மூச்சில் குடத்தை நிரப்பிவிடுவான். நான் இருபது தடவை அடிப்பதற்குள் முன்கை இறுகிவிடும். ஒரு நாள் விரல்கள் கைப்பிடியைப் பிடித்த பிடியிலேயே மடங்கிப்போய் விரிக்கவே வரவில்லை. வரிசையில் நின்ற அக்கா ஒருத்தி “நடிக்காதடி, நகரு” என்றாள். அம்மா ஓடி வந்து சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். சுளுக்கு என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவினார்கள். அதன்பிறகு தண்ணீர் பிடிக்கும் வேலை அண்ணனுக்குப் போனது, “மகாராணி” என்ற பட்டம் எனக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றாலே வயிற்றைக் கலக்கும். பாதி மைதானம் ஓடிவிட்டு நின்றதற்கு, மைதானத்தை மூன்று சுற்று சுற்றி வரச் சொன்னார் எங்கள் பி.டி. வாத்தியார். தண்டனையைப் பாருங்கள். அன்று மாலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. பயந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். “உடம்பு சூடு” என்று இரண்டு நாள் இளநீரும் நீர்மோருமாகக் கொடுத்தாள். காரணம் தப்பு, வைத்தியம் சரி. அன்று தண்ணீர் நிறையக் குடித்தது எவ்வளவு நல்லது என்பது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

என்னை யாரும் நம்பாததற்கு முக்கியக் காரணம் கிரிவலம். பௌர்ணமிக்கு வீட்டோடு போவோம், 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் கிளம்பி, வழியில் முதலில் வரும் இந்திர லிங்கத்தைத் தாண்டியதுமே எனக்குக் கால் பின்னும். இதயம் அடித்துக்கொள்ளும். கும்பிடுகிற சாக்கில் நிற்பேன், கற்பூரம் வாங்குகிற சாக்கில் நிற்பேன். எல்லோரும் முன்னால் போய்விடுவார்கள். ஆனால் நின்று நின்று, மெதுவாகக் காலை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தால் அடுத்த அக்னி லிங்கம் வருவதற்குள் ஏதோ ஒன்று மாறும். யாரோ உள்ளே இருந்து கதவைத் திறந்துவிட்டது போல மூச்சு அடங்கும், கால் லேசாகும். அதற்கப்புறம் கடைசியில் வரும் ஈசான்ய லிங்கம்வரை எங்கும் உட்கார மாட்டேன். கடைசியில் சித்தி, அத்தை எல்லோரும் கால் வலிக்கிறது என்று உட்காரும்போது நான் நின்றுகொண்டிருப்பேன். “மலையையே சுத்துறா, மாடி ஏற முடியலைன்னா யார் நம்புவா?” என்று சித்தி கேட்டது நியாயம்தான். எனக்கே என்மேல் சந்தேகம் இருந்தது.

டாக்டர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு டெஸ்ட். அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று கல்லீரலுக்காகப் பார்க்கும் இரண்டும் கூடுதலாக இருக்க, கல்லீரல் டாக்டரிடம் அனுப்பினார்கள். “குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஸ்கேன் நார்மல். ஆனாலும் ஆறு மாதம் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். அந்த இரண்டும் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன, தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாற்றியது ஒரே ஒரு கேள்வி. நரம்பியல் டாக்டர் அம்மா ஒருவர், சின்ன வயதுதான். “எவ்வளவு சோர்வா இருக்கு?” என்று கேட்காமல் “எத்தனாவது நிமிஷத்துல வருது? நிறுத்தாம மெதுவா போனா என்ன ஆகுது?” என்று கேட்டார். நான் கிரிவலத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, “மறுபடி சொல்லுங்க” என்றார்.

அன்றே சி.பி.கே. எடுக்கச் சொன்னார், தசை சிதைகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. 200-க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 2,400. அதுவும் நான்கு நாள் சும்மா வீட்டில் இருந்துவிட்டுப் போன பிறகு. அப்புறம் கையில் ஊசியைப் பொருத்திவிட்டு, ஒரு பிடியைக் கொடுத்து விடாமல் அழுத்தச் சொன்னார்கள். நாற்பது விநாடியில் விரல் மடங்க ஆரம்பித்தது. அதே அடிபம்புதான். நன்றாக இருக்கும் தசை அப்படி உழைத்தால், உள்ளே சர்க்கரை உடையும்போது உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் ஏறும். எனக்கு ஏறவே இல்லை, அம்மோனியா மட்டும் எகிறியிருந்தது. மரபணுப் பரிசோதனையில் உறுதியானது. பெயர் மெக்கார்டில் நோய். லண்டனில் பிரையன் மெக்கார்டில் என்ற டாக்டர் 1951-ல் முதலில் விவரித்தது. அவரிடம் வந்த 30 வயது ஆளுக்கும் லாக்டேட் ஏறவில்லை. எந்த நொதி (என்சைம்) இல்லாததால் இப்படி ஆகிறது என்பதை 1959-ல் கண்டுபிடித்தார்கள்.

விஷயம் இதுதான். நம் தசைக்குள் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது, வீட்டுக்குள் நெல் குதிர் மாதிரி. திடீரென்று ஓடினால், படி ஏறினால், பளு தூக்கினால் தசை முதலில் கை வைப்பது அந்தக் குதிரில்தான். என் குதிர் நிரம்பி வழிகிறது, ஆனால் திறக்க ஆள் இல்லை. திறக்க வேண்டிய நொதி எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அதனால் ரத்தம் வழியாக வெளியிலிருந்து சர்க்கரையும் கொழுப்பும் போதுமான அளவு வந்து சேரும்வரை தசை பட்டினி. அதற்கு எட்டு பத்து நிமிஷம் ஆகும். வந்துவிட்டால் நடை சுலபம். அக்னி லிங்கத்துக்கு முன்னால் கதவு திறந்தது போல இருந்ததே, அது இதுதான். அந்தப் பத்து நிமிஷத்தை மதிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் தசை நார் சிதையும். அதிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரைக் கடுங்காப்பி ஆக்கும், அளவு மீறினால் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். பி.டி. வாத்தியாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் கோபம் இன்னும் போகவில்லை.

உங்களுக்கும் இதுவேதான் என்று நான் சொல்லவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு வருவது என்று சொல்லப்படும் அபூர்வ நோய் இது. ஆனால் “சோர்வு” என்ற ஒரே சொல்லுக்குள் ஏகப்பட்ட நோய்கள் ஒளிந்திருக்கின்றன. டாக்டரிடம் போய் அந்தச் சொல்லை மட்டும் சொன்னால் அவரும் இரும்புச்சத்து மாத்திரைதான் எழுதுவார். சோர்வு எந்த நேரத்தில் வருகிறது, எப்படிப் போகிறது என்று பாருங்கள். எனக்கு வேலை தொடங்கின உடனே வரும், பொறுத்தால் போய்விடும். சிலருக்கு வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடித்துப் போட்டது போல விழுவார்கள், நாள்கணக்கில் எழ மாட்டார்கள், தூங்கி எழுந்தாலும் தெளியாது. எம்.இ. அல்லது சி.எஃப்.எஸ். என்று சொல்லப்படும் நாள்பட்ட சோர்வு நோயின் குணம் அது. அது பெரும்பாலும் பிறவியிலிருந்து வராது, ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பித்தது என்று பலரும் சொல்வார்கள். இன்னும் சிலருக்குக் காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் ஆக ஆக இமை தொங்கும், பேச்சு குழறும். அது வேறு நோய்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, மருந்தா இருக்கிறது என்று கேட்பார்கள். எனக்கும் மருந்து இல்லை. ஆனால் எனக்கு தினமும் மெதுவாக நடப்பது நல்லது, நடக்காமல் உட்கார்ந்தால் இன்னும் மோசமாகும். எம்.இ. நோயாளியை அதே போல “கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு” என்று தள்ளினால் அவர் படுக்கையில் விழலாம். பிரிட்டனில் டாக்டர்களுக்கான சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-ல் தன் வழிகாட்டுதலை மாற்றி, அவர்களுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எனக்குச் சரியான அறிவுரை அவருக்கு விஷம். அதனால்தான் காரணம் தெரியாமல் ஜிம்முக்குப் போகாதீர்கள் என்கிறேன். நீங்கள் மூன்றாம் நாள் படுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அன்று சிறுநீர் என்ன நிறத்தில் இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? கறுத்திருந்தால் அதை முதல் வரியாக டாக்டரிடம் சொல்லுங்கள். இனி அப்படிப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, இளநீரோடு நிறுத்த வேண்டாம். சி.பி.கே. இதுவரை பார்த்ததே இல்லை என்றால் அதையும் கேட்டுப் பாருங்கள், பெரிய செலவில்லை.

இப்போது நான் எப்படி இருக்கிறேன்? வங்கியில் வேலை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் படி ஏற மாட்டேன், வெளியே பத்து நிமிஷம் ஆமை மாதிரி நடந்துவிட்டுத்தான் ஏறுவேன். பளு தூக்குவதில்லை. தேங்காய் அரை மூடி துருவினால் கை இறுகிவிடும், அதனால் மிச்சத்தை வீட்டுக்காரர் துருவுவார். கட்டாயம் வேகமாக ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் முன்கூட்டியே சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொள்வேன். அது உதவுகிறது என்று 2003-லேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். தினமும் குடித்தால் எடை ஏறும், அது இன்னொரு தொல்லை. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் ஆபரேஷனுக்கு மயக்க மருந்தும் என் விஷயத்தில் யோசித்துக் கொடுக்க வேண்டியவை, அதனால் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். டாக்டர் இதை விளக்கியபோது அம்மா “அப்ப நாங்கதான் குடுத்தோமா?” என்று கேட்டுவிட்டு, திரும்பி வரும்வரை பஸ்ஸில் பேசவே இல்லை. தெரியாமல் நடந்ததற்கு யார் என்ன செய்ய முடியும். தெரிந்த பிறகு சும்மா இருப்பதுதான் தப்பு. போன வருஷம் அண்ணன் மகளுக்குச் சொந்தத்தில் கல்யாணப் பேச்சு எழுந்தபோது நான் வாயைத் திறந்தேன். முதலில் இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுங்கள் என்றேன். அண்ணிக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

வீட்டில் எப்படிப் புரியவைப்பது என்ற கடைசிக் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் இல்லை. பதினைந்து வருஷம் வாயால் சொல்லித் தோற்றவள் நான். மாமியாரை நம்ப வைத்தது அந்த 2,400 தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவர், அந்த எண்ணையும் பக்கத்தில் அச்சடித்திருந்த 200-ஐயும் விரல் வைத்து மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு இந்திர லிங்கத்துக்கிட்டே நான் பின்தங்கியபோது, முன்னால் போய்க்கொண்டிருந்த நாத்தனாரைக் கூப்பிட்டு, “இருங்கடி. அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகணும். அப்புறம் பாரு, நம்மளை விட்டுட்டுப் போயிடுவா” என்றார்.