மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசி: கேட்டவையும் பதில்களும்

கேள்வி (செங்காங்): சிஸ்டர், பிள்ளைக்கு 2 மாதம். சிங்கப்பூர்த் தடுப்பூசி அட்டவணையில் மூளையுறைக் காய்ச்சல் ஊசி என்று எதையும் காணோமே?

பதில்: அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காதும்மா. 2, 4, 6, 18 மாதங்களில் போடும் கூட்டு ஊசிக்குள் ஹிப் (மூளையுறையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) தடுப்பும் இருக்கிறது. இதே நோயைத் தரும் இன்னொரு பாக்டீரியாவுக்கான நியூமோகோக்கல் ஊசி 4, 6, 12-ஆம் மாதங்களில். பிறந்தவுடன் போட்ட பிசிஜி, காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்காமல் காக்கத்தான்.

கேள்வி (ஜூரோங்): 18 மாத ஊசி விட்டுப்போச்சு. மூன்று போட்டாச்சே, போதாதா?

பதில்: போதாது. பிரிட்டன் 1992-இல் ஹிப் ஊசியை 2, 3, 4 மாதங்களோடு நிறுத்திக்கொண்டது. நோய் மளமளவென்று இறங்கியது. 1999-க்குப் பிறகு மறுபடி ஏறியது. கைக்குழந்தையில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி இரண்டாம் வயதில் தேய்ந்துவிடுகிறது, தாங்கிப் பிடிக்க பூஸ்டர் (நம் 18 மாத ஊசி போல வலுவூட்டும் கூடுதல் ஊசி) இல்லை. அப்போது பயன்படுத்திய ஒரு கூட்டு ஊசியின் ஹிப் பகுதி வலுக்குறைந்ததும் சேர்ந்துகொண்டது. 2003-இல் சிறுபிள்ளைகளுக்கு ஒட்டுமொத்தமாக பூஸ்டர் போட்ட பிறகே அடங்கியது. நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட ஊசியைப் போட்டால் போதும். சுகாதாரப் புத்தகத்தோடு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): நோய் குறைந்தது ஊசியாலா, சுத்தம் பெருகியதாலா?

பதில்: அமெரிக்காவில் 1980-களில் ஆண்டுக்குச் சுமார் 20,000 குழந்தைகளைக் கடும் ஹிப் தாக்கியது, ஊசிக்குப் பின் 99% குறைவு. அதே வேளையில் நியூமோகோக்கஸ் அப்படிச் சரியவில்லை, 2000-இல் அதற்கான ஊசி வந்த பிறகே சரிந்தது. சோப்புத் தண்ணீர் ஒரு கிருமியை மட்டும் பொறுக்கி விரட்டாது! ஆப்பிரிக்காவிலும் 2010-இல் புர்கினா ஃபாசோவில் தொடங்கிய ஊசியால் (புனேயில் தயாரானது) மெனிங்கோகோக்கல் என்ற இன்னொரு மூளையுறைக் கிருமியின் ஏ வகை ஏறக்குறைய மறைந்தது. மற்ற வகைகள் அங்கே இன்னும் உண்டு.

கேள்வி (கேலாங்): பிள்ளைகளோடு உம்ரா (மக்கா யாத்திரை) போகிறோம். எல்லா ஊசியும் போட்டாச்சு, போதுமா?

பதில்: மெனிங்கோகோக்கல் ஊசி நம் அட்டவணையில் எல்லாருக்கும் உள்ளதல்ல. அந்தக் கிருமியின் நான்கு வகைகளுக்கான ஏசிடபிள்யூஒய் ஊசியைப் போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். 2000-இல் ஹஜ்ஜுக்குப் பின் டபிள்யூ135 வகை பல நாடுகளுக்குப் பரவியதை மறக்கக்கூடாது.

கேள்வி (ஈசூன்): ஊசி போட்ட பிள்ளைக்கும் வருமா?

பதில்: வரலாம், மெனிங்கோகோக்கல் பி வகை போன்றவற்றை அட்டவணை ஊசிகள் தடுக்காது. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கும். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது, தூக்கினால் வீறிடுவது, இவற்றைக் கவனியுங்கள். தோலில் புள்ளிகள் தெரிந்தால் அவற்றின் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் உடனே 995-ஐ (ஆம்புலன்ஸ்) அழையுங்கள். நம் தோல் நிறத்தில் புள்ளி எளிதில் தெரியாது; உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் பாருங்கள். பிள்ளை துவண்டிருந்தால் புள்ளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.