ஹெட்டை இறக்குவதா, எஞ்சினையே மாற்றுவதா?

திண்டுக்கல் வாசகர் ஒருவரின் கேள்வி: 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. தெரிஞ்ச இடத்துல பழைய எஞ்சின் இருக்கு, மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

வேண்டாம். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம். கேஸ்கெட், அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு. அந்த ஹெட்டைக்கூட இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். வாட்டர் பம்ப், ரேடியேட்டர், இ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது), எது ஒழுகினாலும் கூலன்ட் குறையும். இ.ஜி.ஆர். கூலர் ஓட்டையானால் வெள்ளைப் புகைகூட வரும், அனுபவசாலியே ஏமாறுவார். முதலில் கூலன்ட் பாதையில் காற்றழுத்தம் ஏற்றி எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கூலன்ட் டேங்க் வாயில் நீலத் திரவம் வைத்து ஒரு சோதனை. கேஸ்கெட் போய் எரிந்த புகை கூலன்டில் கலந்தால் நிறம் மாறும். இரண்டையும் உங்கள் கண்ணெதிரே செய்யட்டும்.

ஹெட்டின் மேல்புறம் ஆயில் பிசுக்கு மட்டும் இருந்து, கூலன்ட் குறையாமல், ஹீட்டும் ஆகாமல் ஓடும் வண்டிகள் வேறு கதை. பெரும்பாலும் அது டாப் கவர் பேக்கிங், அதாவது ஹெட்டின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுப்பது. சில நூறு ரூபாய்ச் சாமான். அதைக் காட்டி ஹெட் வேலைக்குப் பில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டி, பிசுக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உங்களுடையது கேஸ்கெட்தான் என்று உறுதியானால் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். ஆயிலில் கூலன்ட் கலந்து பால் காபி மாதிரி ஆகாமல், பிளாக்கில் விரிசலும் இல்லாமல் இருந்தால் ரிப்பேர் செய்வதே லாபம். ஹெட் அலுமினியம், சூடேறினால் வளையும். லேத்தில் மட்டம் பார்த்த பில்லைக் கேளுங்கள். டீசல் கேஸ்கெட் பல தடிமனில் வரும், கடையில் கிடைத்ததைப் போடக் கூடாது. ஹெட் போல்ட்டும் புதிது வேண்டும்.

பழைய எஞ்சின் எத்தனை கி.மீ. ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. நடுவில் கமிஷன் வேறு. மாற்றினால் ஆர்.சி.யில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் நேராகப் போனால் "நாளைக்கு வாங்க", புரோக்கரோடு போனால் இன்றே முடியும். இந்தக் கூத்து என்றுதான் ஒழியுமோ! எண்ணை ஏற்றாமல் விட்டால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது எஞ்சின் சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்று கழற்றி எறிந்திருப்பார்கள். திரும்பப் போடச் சொல்லுங்கள்.