எங்கள் வாசிப்புக் குழு படித்த துப்பறியும் நாவலில் கொலை நடந்த இரவை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம்: மீண்டும் முதலிலிருந்து வாசிப்பதா?

தேவையில்லை, அந்த ஓர் இரவை மட்டும் கடிகார நேரப்படி ஒரே தாளில் குழுவினர் அனைவரும் சேர்ந்து எழுதிப் பார்த்தால் போதும்.

சம்பவங்கள் நிகழ்ந்த வரிசையும் நாவல் அவற்றைச் சொல்லும் வரிசையும் வேறாக இருக்கும்போது, ஒரு பாத்திரம் சொன்ன செய்தியை உண்மையில் நடந்ததாகவே வாசகர் நினைவில் வைத்துக்கொள்வதுதான் இத்தகைய குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அத்தியாய எண்ணையும் (பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும்), அதை ஆசிரியர் நேரடியாகக் காட்டினாரா, யாரேனும் சொல்லித்தான் தெரியுமா என்பதையும் குறியுங்கள். பிறர் சொன்னவற்றை அடித்துவிட்டு மிஞ்சியதைப் படித்தால், உங்கள் வாதம் முழுவதும் ஒரே ஒரு சாட்சியை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியாகச் சுருங்கிவிடக்கூடும். கதையை ‘நான்’ என்று சொல்பவர் இருந்தால் அவரையும் சாட்சியாகவே நடத்துங்கள்.

துப்பறிபவர் காணும் தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்று ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த விதியை எல்லா எழுத்தாளர்களும் பின்பற்றுவதில்லை. விடை தராமலே முடியும் நாவல்களும் உண்டு என்பதால், தாளில் விழும் இடைவெளி உங்கள் கவனக்குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடைசி அத்தியாயத்தை முன்பே படித்துவிட்டவர் குழுவில் இருந்தால், பேனாவை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.