பாலம் ஏழு தடவைதான் தாங்கும்
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ‘கிங்ஸ் க்வெஸ்ட் 2’ என்ற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ரசிகர்களே அதை மறுபடி செய்து இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள் என்றும், நன்றாக இருக்கிறது, ஆனால் நீளம் அதிகம் என்றும் சொல்லியிருந்தேன். பிரிண்டர் மை, வைஃபை பற்றியெல்லாம் எழுதும்போது வராத கடிதங்கள் இதற்கு வந்துவிட்டன. எனவே இந்த மாதம் முழுக்க இதுதான்.

வாசகர், செல்லூர்: அண்ணே, நீங்கள் எழுதியதைப் பார்த்து இறக்கி விளையாடினேன். ரொம்பப் பிடித்துவிட்டது. பெரியப்பா மகன் அந்தக் காலத்தில் பழையதை விளையாடியவர். “இது கிங்ஸ் க்வெஸ்ட்டே இல்லை, கெடுத்து வைத்திருக்கிறார்கள்” என்று சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி?

உங்கள் அண்ணன் எந்த வருஷம், எந்த மெஷினில் விளையாடினார் என்று முதலில் கேளுங்கள். கோபத்தின் காரணம் பாதி அதில் தெரிந்துவிடும்.

பழையது 1985இல் வந்தது. அமெரிக்காவின் சியரா ஆன்-லைன் கம்பெனி வெளியிட்டது, உருவாக்கியவர் ராபர்ட்டா வில்லியம்ஸ். திரையில் மொத்தம் பதினாறு நிறம். செய்ய வேண்டியதை ஆங்கிலத்தில் டைப் அடித்துச் சொல்ல வேண்டும். கிரகாம் என்ற ராஜா மாயக் கண்ணாடியில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். அவளை ஒரு சூனியக்காரி கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கிறாள். போய்ச் சேர மூன்று கதவு, மூன்று சாவி. கதை அவ்வளவுதான். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் அரக்கன் உயிர் இருக்கிற நம் ஆச்சிமார் கதையில் இதைவிடச் சரக்கு அதிகம்.

நான் அதை 1993இல் விளையாடினேன். மதுரை மேலவெளி வீதியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். பகலில் டாஸும் வேர்ட்ஸ்டாரும் சொல்லிக்கொடுப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு ஓனர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் ஃபிளாப்பியைப் போடுவேன். அது எங்கிருந்து வந்த ஃபிளாப்பி என்று கேட்காதீர்கள். திரை பச்சை ஒரே நிறம்தான், ஆகையால் அந்தப் பதினாறு நிறத்தையும் நான் பார்த்ததே இல்லை. இங்கிலீஷும் அப்போது தகராறு. மடியில் அகராதியை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வார்த்தையாக அடிப்பேன். ‘ட்ரைடென்ட்’ என்றால் திரிசூலம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

‘பிரைடில்’ என்று ஒரு பொருள் கிடைக்கும். அகராதியைப் பார்க்காமல் நானே முடிவு பண்ணிவிட்டேன்: பிரைட் என்றால் கல்யாணப் பெண், ராஜாவும் பெண் தேடித்தான் போகிறார், ஆகவே இது முகூர்த்தத்துக்கு வேண்டிய ஏதோ ஒன்று. பத்திரமாகக் கடைசி வரை வைத்திருந்தேன். உண்மையில் அது குதிரைக் கடிவாளம். மலை மேல் ஒரு பாம்பு வழி மறிக்கும். கடிவாளத்தை அதன் மேல் வீசினால் பாம்பு இறக்கை முளைத்த குதிரையாக மாறி ஒரு சர்க்கரைக் கட்டி கொடுக்கும். நான் வாளால் வெட்டிவிட்டுப் போனேன், அப்படியும் போகலாம். ஆனால் அந்தச் சர்க்கரைக் கட்டி இல்லாமல் பின்னால் விஷ முள்ளுக்குள் போய்ப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாம்பைப் பார்த்ததும் கடிவாளம் போடத் தோன்றுகிற மனிதர் உலகத்தில் எங்கே இருக்கிறாரோ.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கதவுகளுக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டைப் பாலம் வரும். அதை ஏழு தடவைதான் தாண்டலாம். கதவில் எழுதியிருக்கிற குறிப்பைப் படிக்க ஒரு தடவை போய்வந்தால் இரண்டு. முதல் சாவிக்குப் போய்வர இரண்டு, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவது சாவியோடு போவது ஏழு. கணக்கு அச்சாக முடிகிறது, ஒன்றுகூட உபரி கிடையாது. நான் முந்தின நாள் ஒரு சிநேகிதனுக்கு, “பார்றா, எப்படி ஆடுது” என்று பாலத்தைக் காட்டுவதற்காகச் சும்மா போய்வந்தேன். போய்வந்த பிறகு சேவ் வேறு பண்ணினேன், பழைய சேவ் மேலேயே. மறுநாள் இரண்டாவது கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வரப் பாலத்தில் கால் வைத்தேன், அது எட்டாவது தடவை. அது இடிந்து ராஜா பள்ளத்தில் விழுந்தார். இரண்டு வாரத்து உழைப்பு. படியிறங்கிப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய், யாரிடமும் பேசாமல் நாலு பரோட்டா சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

உங்கள் அண்ணனும் இப்படி ஏதாவது ஒரு பாலத்தில் விழுந்திருப்பார். விழுந்து எழுந்து ஜெயித்தவருக்கு அந்தப் பாலத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிடும்.

ரசிகர்கள் செய்தது 2002இல் வந்தது. முதலில் டியரா என்றும் பிறகு ஏஜிடி இன்டராக்டிவ் என்றும் பெயர் வைத்துக்கொண்ட குழு. அதற்கு முந்தின வருஷம் முதல் பாகத்தைச் செய்தபோது கதையில் அவ்வளவாகக் கை வைக்கவில்லை. டைப் அடிப்பதை எடுத்துவிட்டு மவுஸ், பதினாறு நிறத்துக்குப் பதில் 256 என்று மாற்றியதோடு சரி. இரண்டாம் பாகத்தில் துணிந்துவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு வாழ்க்கை கொடுத்தார்கள், பின்னணியில் புதிதாக ஒரு வில்லனைக் கொண்டுவந்தார்கள். பழையதில் ரத்தக் காட்டேரி சவப்பெட்டியில் தூங்கும்போது நெஞ்சில் ஆப்பு அடித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவோம், நம்மை ராஜா என்றும் சொல்லிக்கொள்வோம். புதியதில் அந்தக் காட்டேரிக்கு வேறு பெயர், தனிக் கதை. அவன் பேசுவதைக் கேட்டபோது பழைய ஆப்பு எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் போடுவார்கள். கதை தெரியாமல் அங்கே யாரும் வந்து உட்காருவதில்லை. வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணுகிற இடத்துக்காகத்தான் காத்திருப்பார்கள், அது ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு மாதிரி. “பத்து வருஷத்துக்கு முந்தி வந்த நாரதர்தான்யா நாரதர்” என்று ஒரு பெரியவர் முனகுவார். பக்கத்துப் பாயில் முதல் தடவை கண்விழிக்கிற பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான். நான் இப்போது பெரியவர் வயதுக்கு வந்துவிட்டேன், இருந்தாலும் இந்த விஷயத்தில் பையன் கட்சி. 1985 கதை நடிகர் வந்து நிரப்ப வேண்டிய மேடைதான், இவர்கள் நிரப்பியிருக்கிறார்கள். உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அடிக்க வந்தால் என்னைக் காட்டிவிடுங்கள்.

கல்லூரி மாணவர், திருமங்கலம்: மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு விடையைப் பார்த்து முடித்தேன். அது தப்பா சார்?

பாம்புக்குக் கடிவாளம் போடுகிற மாதிரிப் புதிருக்கு விடை பார்ப்பது தப்பே இல்லை. மற்றதற்கு, எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஒரே ஒரு தடவை முயன்று பாருங்கள். எனக்குப் பாதி விடை டீக்கடையில்தான் கிடைத்திருக்கிறது.

வாசகி, மேலூர்: பையனுக்குப் பத்து வயது. இந்த மாதிரி விளையாட்டில் ராஜா தண்ணீரில் விழுந்து, ஓநாய் கடித்து என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை சாகிறார். பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

அவன் சிரிக்கிறான் என்றால் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான், அம்மா. அந்தக் கம்பெனி விளையாட்டுகளில் சாவது ஒரு நகைச்சுவை. செத்ததும் ஒரு கேலி வாசகம் வரும், அதைப் படிக்கவே நாங்கள் வேண்டுமென்று குதிப்போம். உண்மையான கெடுதல், சாகாமலே தோற்றுப்போவதுதான். என் பாலம் மாதிரி, தப்பு நடந்தது முந்தின நாளே, நமக்குத் தெரிவது மறுநாள். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் அழுவார்கள்.

இதைப் பிடிக்காத ரான் கில்பர்ட் என்பவர் 1989இலேயே இப்படி ஆட்களை முட்டுச்சந்தில் விடக் கூடாது என்று கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம் அவர் செய்த ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டில் சாவது ஏறக்குறைய முடியாது. கதாநாயகன் பத்து நிமிஷம் மூச்சடக்குவேன் என்று பீற்றிக்கொள்வான். அவனைத் தண்ணீருக்கடியில் பத்து நிமிஷம் சும்மா நிறுத்தி வைத்தால் மட்டும் சாவான். நானும் ஒரு நாள் நிறுத்தி வைத்துப் பார்த்தேன், உண்மைதான். பையனுக்கு அடுத்து அதைக் கொடுங்கள். இப்போதைக்கு வேறு வேறு பெயரில் சேவ் பண்ணப் பழக்கிவிடுங்கள், போதும்.

வாசகர், அண்ணாநகர்: அடுத்தவன் கதையை எடுத்து விளையாட்டுச் செய்தால் கேஸ் போடமாட்டார்களா?

போடலாம். காசு வாங்காமல் கொடுத்தாலும் உரிமை கம்பெனியுடையதுதான். இதே கதையைத் தொடர்ந்து ‘தி சில்வர் லைனிங்’ என்று ஒரு ரசிகர் குழு வருஷக்கணக்காக உழைத்தது. 2010 தொடக்கத்தில், அப்போது உரிமை வைத்திருந்த ஆக்டிவிஷன் நிறுத்தச் சொல்லிவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. சில மாதத்தில் கம்பெனியே இறங்கிவந்து அனுமதி கொடுத்தது, அந்த வருஷமே முதல் பகுதி வெளிவந்தது. எல்லாருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

வாசகர், உசிலம்பட்டி: “நீளம் அதிகம்” என்று எழுதினீர்களே, முழுசாக விளையாடினீர்களா? எனக்கு ஒரு நிமிஷம்கூட அதிகமாகத் தெரியவில்லை.

முழுசாக விளையாடினேன். ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். ராத்திரி கடையை அடைத்துவிட்டு, பத்தரைக்கு மேல், கண்ணில் தூக்கத்தோடு உட்கார்ந்து விளையாடியவன் நான். வசனத்தைப் பாதியிலேயே தட்டித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன். காட்டேரிக் கோட்டைப் பேச்சு நீளம்தான் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வாசகர், திருப்பரங்குன்றம்: அந்தக் காலத்து பாணியிலேயே மதுரையை வைத்து ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருக்கிறேன். ஏஜிஎஸ் மென்பொருளில்தான். பதினோரு பேருக்குக் கொடுத்தேன். எல்லாரும் “சூப்பர் மாப்ள” என்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவனிடம் அபிப்பிராயம் கேட்கவே கூடாது. இந்த மாதிரி விளையாட்டுகளைச் செய்வதற்கென்றே உள்ள மென்பொருள் ஏஜிஎஸ், நல்ல தேர்வு. கிறிஸ் ஜோன்ஸ் என்பவர் 1997இல் வெளியிட்டது, இன்றைக்கும் இலவசம். நான் மேலே சொன்ன ரசிகர் குழுவும் அதில்தான் செய்தது.

உங்கள் விளையாட்டை நான் ஆடவில்லை, தங்கை மகளை ஆடச் சொல்லிவிட்டுப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், இந்த மாதிரி விளையாட்டைப் பார்த்ததே இல்லை. ஒரு நோட்டில் அவள் எங்கே நின்றாள் என்பதை மட்டும் குறித்தேன்.

புதுமண்டபத்துக் காட்சியில் இருபது நிமிஷம் நின்றாள். தையல்காரர் சாவியைக் கீழே தவறவிட்டுவிட்டார் என்று வசனம் சொல்கிறது. சாவியைக் காணோம். உங்கள் திரை 320க்கு 200, அதாவது மொத்தம் 64,000 புள்ளி. அதில் சாவி நாலு புள்ளி, அதையும் கல்தரை நிறத்திலேயே வரைந்திருக்கிறீர்கள். அவள் கடைசியில் மவுஸை வைத்துத் தரையைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். சாவிக்கு ஒரு மினுக்கு வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பூனையையாவது அதன் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அடுத்தது, எனக்கு நெஞ்சு பதறிய இடம். கதாநாயகன் கையில் ஐம்பது ரூபாய் இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாக் கடை. அவள் கேட்டாளா, வாங்கிக் குடித்துவிட்டாள். யாராக இருந்தாலும் குடிக்கத்தான் செய்வார்கள். முக்கால் மணி நேரம் கழித்து யானைமலைக்குப் போக ஒத்தக்கடை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் காசு கேட்கிறார். காசு இல்லை, சம்பாதிக்க வழியும் இல்லை, பஸ்ஸை விட்டால் வேறு வழியும் இல்லை. அவள் அரை மணி நேரம் ஊரெல்லாம் சுற்றினாள். தம்பி, முப்பது வருஷத்துக்கு முந்தி நான் விழுந்த பாலத்தை நீங்கள் மறுபடி கட்டியிருக்கிறீர்கள். கடைக்காரர் மிச்சம் கொடுக்கட்டும், அல்லது கண்டக்டர் “நாளைக்குக் கொடு” என்று ஏற்றிக்கொள்ளட்டும். பழைய விளையாட்டின் எழுத்து, நிறம், இசை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

தேறிய இடம்: யானைமலை. மதுரையை அழிக்க வந்த யானை கல்லானது என்கிற பழங்கதையை எடுத்து, மலையின் நிழலை யானையாகக் காட்டி, மாலையில் மட்டும் கதவு தெரிகிற புதிர். அதை அவள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து மேசையைத் தட்டினாள். அதில் கை வைக்காதீர்கள்.

அந்தப் பதினோரு பேரையும் இப்படியே உட்கார வைத்து, பின்னால் இருந்து பாருங்கள். “எப்படி இருக்கு” என்று கேட்காதீர்கள். எங்கே பெருமூச்சு விடுகிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள் என்று குறியுங்கள். திருத்தியதும் அனுப்புங்கள். ஜிகர்தண்டாவைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று எங்கள் வீட்டில் தினமும் விசாரிக்கிறார்கள்.